வினையும் இரக்கமும்: திருவருட்பிரகாச வள்ளலார் வரலாறு

திருச்சிற்றம்பலம்

உலகின்கண் ஒருவன் பொருளிழந்து, சுற்றமிழந்து, இனி உயிர் வாழ்தலால் யாது பயன் என்று மனமுடைந்து கிடத்தலைக் காணும்போது, அவனை அணுகாது அப்பாற் செல்வோர் பலர். அவருள்ளும் சாத்திரம் பயின்ற நம்மனோர் சிலர், அஃது அவன் முன் செய்த வினையின் பயன் என்று தமக்குத்தாமே கூறி அமைதியுறுகின்றனர். வினையுண்டு என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. அதனை மறுப்பார் நம்முள் ஒருவரும் இலர். ஆயினும் அவ்வுண்மையை அறிந்தவன், பிறனுடைய துன்பத்தின் முன்னர்ச் செயற்பாலது யாது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இவ்வினாவிற்கு நூலானும் செயலானும் விடை பகர்ந்த பெரியார் வடலூர் இராமலிங்க அடிகளாவர். அன்பர்கள் பலகாலுங் கேட்டறிந்த அவர்தம் வரலாற்றை, இவ்வொரு வினாவினை முன்னிட்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சிதம்பரத்திற்கு அணித்தாக மருதூர் என்னுஞ் சிற்றூர் உளது. அவ்வூரிற் கருணீகர் குடியிற் பிறந்து, கிராமக் கணக்குப் பார்த்தும் சிறுவர்க்கு எழுத்தறிவித்தும் வாழ்ந்தவர் இராமைய பிள்ளை. அவர்தம் மனைவியார் சின்னம்மையார். இவ்விருவர்க்கும் ஐந்தாவது மகவாக, 1823 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5 ஆம் நாள் இராமலிங்கர் தோன்றினார். சபாபதி, பரசுராமர் என்னும் தமையன்மார் இருவரும், உண்ணாமுலை, சுந்தரம்மாள் என்னும் தமக்கையர் இருவரும் அவர்க்கு முன் பிறந்தோர். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பாமுன்னரே தந்தையார் சிவபதமெய்தினார். ஐந்து மக்களோடு தனித்து நின்ற தாயார், பொன்னேரிப் பக்கத்துள்ள தம் பிறந்தகத்தை அடைந்து, பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். கணவனை இழந்தாள் ஒருத்தி பிள்ளைகளைக் கைப்பிடித்துக்கொண்டு ஊர் மாறிச் செல்லும் அவலம், பின்னாளிற் பிறர் அவலங் கண்டு உருகிய இப்பெரியார்க்கு நினைவு தெரியாக் காலத்திலேயே நேர்ந்தது என்பது கருதத்தக்கது.

சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் ஒரு சிறு வீட்டிற் குடும்பம் தங்கியது. மூத்தவராகிய சபாபதி பிள்ளை, காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் பயின்று, செல்வர் மனைகளிற் புராணம் விரித்துரைத்து, அதனால் வரும் பொருள் கொண்டு குடும்பத்தைப் புரந்தார். தம்பியையும் கல்வியிற் புகுத்த விரும்பினார். இராமலிங்கரோ ஏட்டிலும் பள்ளியிலும் மனம் பற்றாது, கந்தகோட்டத்து முருகன் திருமுன்னரே பொழுது போக்கினார். தமையனார் வெகுண்டு, அவர்க்கு வீட்டிற் சோறிடலாகாது என்று தம் மனைவியார்க்குக் கட்டளையிட்டனர் என்பர். அண்ணியார் அக்கட்டளையை வெளிப்படையாக மீறவும் மாட்டாது, சிறுவன் பசித்திருப்பதைப் பொறுக்கவும் மாட்டாது, கணவர் அறியாவண்ணம் புறக்கடை வழியே அழைத்து உணவளித்து வந்தனர். தந்தையார் திதி நாளன்று வீடு நிறைய விருந்தினர் உண்ண, அவ்வீட்டுப் பிள்ளை மாத்திரம் மறைவில் உண்ண நேர்ந்தமை கண்டு அவ்வம்மையார் கண்ணீர் வடித்தனரென்றும், அக்கண்ணீர்க்கு இரங்கியே இராமலிங்கர் வீட்டிலிருந்து கற்க இசைந்தனரென்றும் அவர்தம் சரித்திரம் எழுதினோர் கூறுவர்.

இச்செய்தியை இளமைக்காலத்து விளையாட்டென்று கழித்துவிடற்க. சோறு மறுக்கப்படுதல் இன்னதென்பதையும், மறுக்கப்பட்டவர்க்கு ஒருவர் இரங்கி அளிக்கும் ஒரு கைப்பிடி இன்னதென்பதையும் அவர் தம் உடம்பினாலே அறிந்தார். அன்றியும், அண்ணியார் செய்த அறம் ஒளிந்து செய்யவேண்டிய அறமாயிருந்தது. ஒளியாது பெருவழியிலே வெளிப்பட நிற்கும் ஒரு சோற்றறத்தை இவர் பின்னர்த் தோற்றுவித்தமைக்கு, அப்புறக்கடையும் ஒரு வித்தாயிருந்தது போலும்.

தமையனார் உடல் நலங்குன்றிய ஒருநாள் அவர்க்கு மாற்றாகச் சென்று, திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் புராணத்தை இவர் விரித்துரைக்க, கேட்டோர் வியந்தனரென்பது யாவருமறிந்தது. திருவொற்றியூர்ப் பெருமானை நாடோறும் வழிபட்டுப் பாடிய பாடல்கள் பெருகின. 1850 ஆம் ஆண்டில், உற்றார் வற்புறுத்தலால், தமக்கையார் மகளாகிய தனக்கோடி அம்மையாரை மணந்தார். எனினும் இல்வாழ்க்கையில் அவருள்ளம் தோயவில்லை. 1851 இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். அதன்பின் 1854 இல் வெளிவந்தது மனுமுறைகண்ட வாசகம். யாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்நூல் இன்றியமையாததாகலின், அதனிடத்துச் சிறிது தங்குவாம்.

திருவாரூரிலிருந்து அரசாண்ட மனுநீதிச் சோழன் மகன் தேர்க்காலிற் பசுக்கன்றொன்று அகப்பட்டிறந்ததும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியைக் கொம்பினாற் புடைத்ததும், அரசன் தன் மகனையே தேர்க்காலிலிட்டு முறைசெய்ததும் பெரியபுராணத்து நகரச் சிறப்பிற் கண்டவை. அவ்வரலாற்றை உரைநடையிற் பெருக்கியெழுதிய வள்ளலார், மணியோசை கேட்டுத் துன்புற்ற அரசன் தன்னைத்தானே வினாவிக்கொள்வதாக ஒரு நீண்ட பகுதியை அமைத்துள்ளார். குடிகளை வரியால் வருத்தியதுண்டோ, ஏழையின் வயிற்றெரிச்சலுக்கு ஏதுவானதுண்டோ, பசித்து வந்தவனைப் பாராமுகமாயிருந்ததுண்டோ என்றிவ்வாறு அரசன் தன் வாழ்நாள் முழுவதையும் துருவி, தான் செய்திருக்கக்கூடிய பிழைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து நோக்குகின்றான்.

ஈண்டு உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. பசு செய்த பழவினை யாதோ என்று அவ்வரசன் ஆராயப் புகவில்லை. கன்றின் ஊழ் அதுவாயிற்று என்று அமைச்சர் கூறியிருப்பினும் அவன் அதனைச் செவிக்கொண்டிரான். துன்பமுற்றது பிறிதோருயிர், குற்றந் தேடப்பெற்றது தன் நெஞ்சில். வினைக்கொள்கையை மெய்யாக உணர்ந்தவன் அதனைத் தன்மேல் வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்வானேயன்றிப் பிறன்மேல் வைத்துத் தன்னை விடுவித்துக்கொள்ளான் என்பதே இந்நூல் உணர்த்துங் கருத்தாகும். ஓர் ஊரில் ஒருவன் நம்பிக்கையற்று வீழ்ந்தானாயின், அவ்வூரார் ஒவ்வொருவரும் மணியோசை கேட்ட அரசராதல் வேண்டும்.

1858 ஆம் ஆண்டில் வள்ளலார் சென்னையை நீங்கினார். சிதம்பரத்தை வழிபட்டு, வடலூரை அடுத்த கருங்குழி என்னும் ஊரை அடைந்து, வேங்கட ரெட்டியார் என்னும் அன்பரது இல்லத்தில் 1867 வரை உறைந்தார். நகரத்திலே புராணங் கேட்கும் செல்வரிடையே இருந்தவர், வானம் பார்த்து உழும் குடியானவரிடையே வந்துசேர்ந்தார். மழை பொய்த்த ஆண்டிற் பயிர் கருகுதலும், கடன்பட்டவன் வாயிலிற் கடன்கொடுத்தோன் நிற்றலும், கூலி கிடையாதார் வீட்டில் அடுப்பெரியாமையும் அவர் கண்முன் நிகழ்ந்தன. பயிர் வாட்டமே தம் உளவாட்டமாயிற்று என்று அவர் பிற்காலத்துப் பாடியது புலவர் புனைவன்று, கண்டதைக் கூறியதேயாம்.

அக்காலத்து நிகழ்ந்த ஒரு செய்தி அவர்தம் இயல்பை நன்கு புலப்படுத்தும். அவருடைய பாடல்களைத் திரட்டி அச்சிடல்வேண்டுமென்று அன்பர்கள் விழைந்தனர், அவர் இசைந்திலர். இறுக்கம் இரத்தின முதலியார் என்பவர், பாடல்கள் தம் கைக்கு வருமளவும் நாடோறும் ஒருபொழுதே உண்பதென்று நோன்பு பூண்டார். புகழுக்கும் வேண்டுகோளுக்கும் இளகாத வள்ளலார், ஓர் அன்பர் தம்பொருட்டு ஒருவேளை பசித்திருக்கிறார் என்றறிந்தவுடன் 1860 ஆம் ஆண்டின் இறுதியிற் கடிதம் வரைந்து இசைவு தெரிவித்தார். அவ்விசைவின் பயனாக, 1867 இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் வெளிவந்தன.

1865 ஆம் ஆண்டிற் சமரச வேத சன்மார்க்க சங்கம் தோன்றிற்று. இரண்டாண்டு கழித்து, 1867 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள், பிரபவ வருடம் வைகாசி மாதம் 11 இல், வடலூரிலே தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரம் என்னும் பெயரும் உடைய அவ்வூரினர் எண்பது காணி நிலத்தை அப்பணிக்கு மனமுவந்து எழுதிக்கொடுத்தனர். அரசர் ஒருவர் அளித்த மானியமன்று. தனவந்தர் ஒருவர் எழுப்பிய சத்திரமுமன்று. பல குடியினர் தத்தம் நிலத்தைக் கூட்டி வைத்து நிறுவிய அறம் அது. ஒருவரால் இயலாததை ஊர் கூடிச் செய்தலே வள்ளலார் வகுத்த முறை என்பதற்கு அத்தானப்பத்திரமே சான்றாகும். சென்னையினின்று கும்பகோணஞ் செல்லும் வழியும், கடலூரினின்று விருத்தாசலஞ் செல்லும் வழியும் குறுக்கிடும் இடம் வடலூர். வழிப்போக்கரும், ஊரைவிட்டுப் பெயர்ந்தோரும், போக்கிடமறியாது நடப்போரும் தாமே வந்து சேருமிடத்தில் அடுப்பு மூட்டப்பெற்றது.

அச்சாலையின் தொடக்கத்தோடு பிறந்தது சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூல். பசி என்பது வயிற்றின் வருத்தம் மாத்திரமன்று என்பதை அந்நூல் விரித்துக் காட்டுகின்றது. பசி மிக மிக, புலன்கள் தொழில் மறக்கின்றன; மனம் சிதறுகின்றது; அறிவு மழுங்குகின்றது; கடவுள் விளக்கம் மறைபடுகின்றது; இனி நமக்கு விடிவுண்டென்னும் எண்ணமும் அவிகின்றது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க அஞ்சி வீடு திரும்பாது நிற்கும் தந்தையையும், வாய்விட்டுக் கேட்க மானம் இடங்கொடாமையால் ஊமையர்போல் உள்ளே புழுங்கும் இல்லறத்தாரையும் அவர் அந்நூலுட் கொணர்ந்து நிறுத்துகின்றார். இரப்போன் துன்பத்தை எவரும் அறிவர். இரக்க நாணுவோன் துன்பத்தை அறிவார் அரியர். அவர்களையும் தேடியறிந்து உதவுக என்றது வள்ளலாரின் நுண்ணுணர்வு. சித்தாந்த முறையில் நோக்குவார்க்கும் இது பொருந்தும். உயிர் கருவிகளோடு கூடியே அறிவு விளங்கப்பெறும். கருவிகள் சோர்ந்தவிடத்து ஆணவ இருள் மேலிடும். உடம்பிற்கு ஒரு கவளமளித்தல் உயிர்க்கு ஒரு விளக்கேற்றுதலை ஒக்கும்.

அற்றேல், இத்துன்பங்கள் அவ்வுயிர்களுக்கு இறைவன் ஆணையால் வந்தன அல்லவோ? அவற்றை நீக்க முயல்வது இறைவன் ஆணைக்கு மாறாகாதோ? கட்டுரையின் தொடக்கத்தில் யாம் நிறுத்திய வினாவும் இதுவே. வள்ளலார் இவ்வையத்தைத் தாமே எழுப்பிக்கொண்டு விடை கூறினார். கொலை முதலிய பெருங்குற்றம் புரிந்தானை அரசன் விலங்கிட்டுச் சிறையில் வைக்கின்றான். ஆயினும், அவனுக்கு நாடோறும் உணவளிக்கத் தன் சேவகரையே ஏவுகின்றான். சிறை அரசன் ஆணை. சோறும் அரசன் ஆணையே. அங்ஙனமே வினைப்பயனை ஊட்டும் இறைவன், அவ்வுயிர் பசியால் மடிதலை விரும்பாது, இரக்கமுடையாரைக் கொண்டு அதனைத் தாங்குகின்றான். ஆகவே இரங்குவார் இறைவன் ஆணைக்கு மாறுபட்டவரல்லர். அவ்வாணையை நிறைவேற்றும் பணியாளரேயாவர் என்பது அவ்விடையின் திரண்ட பொருள்.

இதனை நம் நூல்முறையாற் பின்வருமாறு உறுதிசெய்தல் கூடும். வினை சடம், அது தானே சென்று ஒருவனைப் பற்றமாட்டாது. அதனைக் கூட்டுவிப்பவன் இறைவன். அவன் கூட்டுவிப்பதும் மலநோய் தீர்த்தற்பொருட்டாகலின், துன்பமும் மறக்கருணை எனப்படும். தந்தை தன் மகனைத் திருத்தும்பொருட்டு அடித்தான் எனின், தெருவிற் போவோரும் அப்பிள்ளையை உதைத்துச் செல்க என்று அவன் விரும்பினானாகான். அழும் பிள்ளையைத் தூக்கிக் கண்ணீர் துடைப்பவரிடத்து அத்தந்தைக்கு உவகையே உண்டாம். மேலும், ஒருவனுடைய வினை எத்துணையது, அஃது எந்நாளிற் கழிந்தொழியும் என்பன இறைவன் ஒருவனே அறிவன. இன்று என் கையால் அவனுக்குச் செல்லும் உதவியே அவன் வினை கழிந்தமைக்கு அடையாளமாயின், அதனைத் தடுத்துநிறுத்த யான் யார்? அவனுக்கு நேர்ந்தது பிராரத்தமாயினும், அதனைக் கண்டும் வாளாவிருந்த எனக்கு அது ஆகாமியமாய் வந்தேறுமன்றோ?

இனி, நம் மடங்களிலும் திருக்கோயில்களிலும் சோற்றறம் என்றும் இருந்ததே, வடலூரிற் புதிதாக நிகழ்ந்தது யாது என்று வினவுவாரும் உளர். உண்மை. இளையான்குடி மாற நாயனார் விதைநெல்லை வாரிவந்து அடியாரை உண்பித்தார். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது, அப்பரும் சம்பந்தரும் படிக்காசு பெற்று அடியார் பசி தீர்த்தனர். மாகேசுவர பூசை நம் மரபின் பேரணி. ஆயின், இவை பெரும்பாலும் அடியார் என்னுந் தகுதியை முன்னிட்டு நிகழ்வன. வடலூர்ச் சாலையிற் கேட்கப்படுந் தகுதி பசி ஒன்றே. சாதியும் சமயமும் ஊரும் ஒழுக்கமும் அங்கே வினவப்படா. கொல்லாமையிலும் புலாலுண்ணாமையிலும் வள்ளலார் அணுவளவும் நெகிழாதவர். புலாலுண்போரைத் தம் சன்மார்க்கத்திற்குப் புறவினத்தார் என்றே வகுத்தார். அவ்வாறு வகுத்தும், அவர்க்குப் பசி நேர்ந்தவிடத்து அதனை நீக்குதல் கடன் என்றே விதித்தார். கொள்கையிற் கண்டிப்பும் சோற்றிற் கண்டிப்பின்மையும் ஒருவரிடத்தே ஒருங்கு நின்றமையை நாம் சிந்தித்தல்வேண்டும். ஈகையில் இவர் அவர் என்னும் வேற்றுமை பாராட்டலாகாதென்பது திருமூல நாயனார்க்கும் உடன்பாடாகலின், இது நம் மரபிற்குப் புறம்பானதுமன்று.

பசி நீக்கத்தோடு அவர் நின்றுவிடவும் இல்லை. உயிர்களை வருத்தும் இடர்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக வகுத்தார். பசியையும் கொலையையும் நீக்குதலைத் தலையாயதாகவும், ஏனையவற்றை நீக்குதலை அடுத்ததாகவும் கொண்டார். வறுமையும் அச்சமும் இப்பட்டியலுள் இடம்பெற்றிருத்தல் காண்க. அஞ்சி ஒடுங்கினவனும் உதவிக்குரியவனே என்பது அவர் கருத்து. தருமச்சாலையை ஒட்டி வைத்தியசாலை, சாத்திரசாலை, உபகாரசாலை, விருத்திசாலை, உபாசனாசாலை, யோகசாலை, விவகாரசாலை என்பனவும் அமைதல்வேண்டுமென்று அவர் எண்ணியிருந்தார். சோறுண்டு எழுந்தவன் நோயாளியாயின் மருந்தும், கல்லாதவனாயிற் கல்வியும், வழக்கிற் சிக்கியவனாயின் வழிகாட்டுதலும் பெறல்வேண்டுமென்பது இப்பெயர்களாற் பெறப்படும். எண்ணியவை யாவும் அவர் காலத்து முற்றவில்லை. ஆயினும், வீழ்ந்தானை ஒருவேளை உண்பித்து அனுப்பிவிடுதலோடு உலகத்தார் கடமை முடிந்துவிடாதென்பதற்கு அவ்வெண்ணமே போதிய சான்று.

சாலையில் ஒருநாள் அரிசி தீர்ந்ததென்றும், பணிசெய்வோர் கலங்கி வந்து வள்ளலாரிடம் தெரிவித்தனரென்றும், நாளை வரும் அஞ்சற்க என்று அவர் அமைதிகூறினரென்றும், மறுநாட் காலை அயலூரன்பர் ஒருவர் வண்டிகளில் அரிசியும் பிறவுங் கொணர்ந்தனரென்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. இதனை அற்புதமாகக் கொள்வார் கொள்க. யாம் கருதுவது வேறொன்று. அரிசி வானினின்றும் பொழியவில்லை. ஒரு மனிதன் தன் களஞ்சியத்தைத் திறந்து, தன் வண்டியிலேற்றி, தன் மாட்டைப் பூட்டி ஓட்டிவந்தான். திருவருள் இன்னொருவன் கைவழியாகவே வந்தது. அவன் திறவாதிருந்தானாயின் அடுப்பு அவிந்திருக்கும்.

வள்ளலாரைக் குறித்துச் சைவ மரபினருள் எழுந்த மாறுபாட்டையும் மறைத்தல் முறையன்று. அவருடைய பாடல்களை அருட்பா எனல் தகாதென்று யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1869 ஆம் ஆண்டிற் போலியருட்பா மறுப்பு வெளியிட்டார். மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை அவ்வழக்குச் சென்றது. இருவருக்குப் பின்னரும் பல்லாண்டுகள் இருதிறத்தாரும் கண்டனங்கள் எழுதிக்கொண்டே இருந்தனர். அவ்வாதத்தின் நியாயங்களை ஈண்டு யாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று மாத்திரம் கூறுவாம். 1876, 1877 ஆம் ஆண்டுகளை ஒட்டி யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் கொள்ளைநோயும் மூண்டபோது, அந்நாவலர் பெருமானும் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் உயிர் காத்தார். பாடலின் பெயர்பற்றி மாறுபட்ட இருவர் பசித்தவன் முன்னிலையில் மாறுபட்டாரல்லர். அவ்விருவரையும் தத்தம் ஆசிரியராகக் கொண்டோர், அவர்கள் மாறுபட்டதனை மட்டும் விடாது பற்றி, அவர்கள் ஒன்றுபட்டதனை மறந்தது நம் குறையேயாகும்.

1870 இல் வள்ளலார் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்திற் சித்திவளாகம் எனப் பெயரிட்ட மனையிற் சென்று உறைந்தார். வடலூரிற் சத்திய ஞானசபை எழுப்பப்பெற்று, 1872 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் நாள் தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நிகழ்ந்தது. முன்னே அடுப்பு, பின்னே சபை என்னும் வரன்முறை கருதத்தக்கது. தருமச்சாலை நிலைபெற்று ஏறத்தாழ ஐந்தாண்டு கழிந்தபின்னரே சோதி வழிபாட்டிற்குரிய சபை திறக்கப்பெற்றது. 1873 அக்டோபர் 22 இற் கொடி கட்டி அன்பர்க்கு நெடிய உபதேசமொன்று அருளினார். 1874 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் இரவு, சித்திவளாகத்து அறையினுட் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்டார். அதன்பின் அவரைக் கண்டார் இலர்.

அவர் மறைந்து மூன்றாண்டு கழியுமுன்னரே, சென்னை மாகாணம் முழுவதையும் தாது வருடப் பஞ்சம் பற்றிக்கொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்திற் பல இலட்சம் மக்கள் மாண்டனர். எஞ்சியோர் பலர் ஊரையும் உறவையும் விட்டுக் கடல் கடந்து கூலிகளாயினர். பஞ்சம் வந்தபின் சோறு தேடத் தொடங்கிய ஊர்கள் பல. பஞ்சம் வருமுன்னரே அடுப்பு மூட்டி வைத்த ஊர் வடலூர். அவ்வடுப்பு 1867 முதல் இன்றளவும் அணையாது எரிகின்றது. வந்தோர்க்கு இன்றும் உணவளிக்கப்படுகின்றது. வள்ளலார் பிறந்த அக்டோபர் 5 ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் எனத் தமிழ்நாட்டு அரசு 2021 இல் அறிவித்தது. நாள் கொண்டாடுதல் நன்றே. அந்நாளிற் பிறந்தவர் மூட்டிய அடுப்பின் கருத்தை மறவாது கொண்டாடுதல் அதனினும் நன்று.

அக்கருத்து யாது? துன்பம் வந்தபின் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிராது, துன்பமுற்றோன் வந்தால் நேரே நுழைந்து அமர ஓரிடத்தை முன்னரே அமைத்து வைத்தல் சமுதாயத்தின் கடன் என்பதே. தனிமனிதன் இரக்கம் நல்லது. ஆயினும் அது மனநிலைக்கேற்பத் தோன்றி மறையும். இரங்குவார் உறங்கும் வேளையிலும் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பே கைவிடப்பட்டவனுக்கு நம்பிக்கையாகும். தான் ஒருவர்க்கும் வேண்டாதவன் என்று எண்ணி வருபவனுக்கு, அவன் வரவை எதிர்பார்த்தே இலை போடப்பட்டிருக்கின்றது என்பதினும் பெரிய ஆறுதல் வேறில்லை.

அறுபதாண்டு கடந்த எளியேன், இளமையில் ஒரு மடத்தில் அன்னம் பாலிப்பு முடிந்தபின், வாயிற்புறத்தே தலைகவிழ்ந்து நின்ற ஒருவனை, நேரங்கழிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் மறுமொழி கூறாது நடந்தான். எங்குச் சென்றான், என்ன ஆனான் என்பது இன்றும் அறியேன். அன்று உள்ளே சோறு இல்லாமலில்லை. அவன் வினை அவனைத் திருப்பியதென்று பலநாள் என்னை நானே தேற்றிக்கொண்டதுண்டு. மனுமுறைகண்ட வாசகத்தைப் படித்த பின்னரே, திருப்பியது என் வாய் என்று உணர்ந்தேன்.

நம் ஆதீனங்களுக்கும் மடங்களுக்கும் நிலமுண்டு, அடுப்புமுண்டு, அடியார் கூட்டமுமுண்டு. கடனாற் கலங்கிய உழவரும், தேர்விலும் தொழிலிலும் தோற்று உயிரை வெறுத்த இளைஞரும், மக்களாற் கைவிடப்பட்ட முதியோரும் இக்காலத்து நம் திருவீதிகளிலேயே நடமாடுகின்றனர். அவர்களுள் திருநீறணிந்து தீக்கை பெற்று வருவார் சிலரே. நேரமும் தகுதியும் வினவாது திறந்திருக்கும் ஒரு கதவும், சோற்றோடு செவியுங் கொடுத்து அவர் குறை கேட்கும் ஒரு முதியவரும் ஒவ்வொரு மடத்திலும் இருப்பாராயின், வினைக்கொள்கை நம் வாயில் ஒரு சாக்காக நில்லாது ஓர் அறமாக விளங்கும். திருமூலர் கண்ட நடமாடுங் கோயிலின் கதவு அடைபட்டுக் கிடப்ப, கற்கோயிலின் கதவை மாத்திரம் திறந்து வழிபடுதல் நிறைவான வழிபாடாகாதென்பதை அன்பர்கள் உளங்கொள்வார்களாக.

திருச்சிற்றம்பலம்